பின்பாட்டு விழாத பாட்டு

சின்னவனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் வேலைக்குப் போய் வந்தவன், "அப்பா, இப்பல்லாம் பெரட்டுல பேர் கூப்பிடுறதே இல்ல. ஆளுங்க வந்து நிக்கிறாங்க, கங்காணி எண்ணிச் சொல்றாரு, முடிஞ்சிச்சு. நீங்க மட்டும் ஏன் ஒவ்வொரு பேரா கூப்பிட்டீங்க?" என்று கேட்டான். அவன் அக்காவும் பக்கத்தில் இருந்தாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வாயில் வராதது கையில் வருகிறதா பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே மலையோடு ஒட்டி இருந்தது. முதலில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கொழுந்து காயப்போடும் தட்டுகளைக் கூட்டினேன். பிறகு மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசு பிடித்தேன். எழுதத் தெரியும் என்பதால் கணக்கப்பிள்ளை ஆக்கினார்கள். அவ்வளவுதான் என் பயிற்சி.

பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியும். இருட்டோடு தப்பு மேளச் சத்தம் கேட்கும். லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து களத்தில் நிற்பார்கள். கூடையோடு பெண்கள் ஒரு பக்கம், கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் ஒரு பக்கம். நான் பேர் கூப்பிடுவேன். "இருக்கேங்க" என்று குரல் வரும். இன்ன ஆள் இன்ன மலைக்கு என்று கங்காணி பிரித்து விடுவார். கூப்பிடும்போது குரல் வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. பிந்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை எங்கள் கண்டாக்கையா எப்படி நடத்தினார் என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த ஆள் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லிய உடம்பு, வெள்ளைக் கோட்டு, கையில் எப்போதும் கறுப்புக் குடை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கைப்பிள்ளைக்காரி யாராவது பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டுப் பிந்தி ஓடி வருவாள். அவள் களத்து மூலையில் தெரிந்த உடனே கண்டாக்கையா வானத்தைப் பார்ப்பார். "மழை வரும்போலக் கிடக்கு" என்று சொல்லிக் குடையை விரித்து அந்தப் பக்கம் மறைத்துக்கொள்வார். வெயில் அடிக்கிற நாளிலும் அப்படித்தான். குடை மடங்குவதற்குள் அவள் வரிசையில் நின்றிருப்பாள். நான் அவள் பேரை மறுபடி கூப்பிடுவேன். "இருக்கேங்க" என்பாள்.

ஒரு தடவை நான், "ஐயா, தொரை பாத்தா?" என்று கேட்டேன்.

"துரை பாத்தால் துரை பாக்கட்டும். நான் காணேல்லை. நீரும் காணேல்லை. விளங்குதே?"

விளங்கியது. காணாத மாதிரி இருப்பதுதான் பெரிய மனுஷன் செய்கிற தயவு என்று படித்துக்கொண்டேன். நான் மட்டுமில்லை, தோட்டமே அப்படித்தான் படித்திருந்தது. லயத்தில் சாராயம் காய்ச்சினால் யாரும் பார்க்கவில்லை. பாரஸ்ட்டில் விறகு வெட்டினால் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. அப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டுதான் அங்கே பிழைத்தோம்.

மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். காமன் பொட்டலில் கம்பம் நட்டு, ரதி மன்மதன் வேஷம் கட்டி ஆடி, கடைசியில் சிவன் மன்மதனை எரிப்பதோடு கூத்து முடியும். எங்கள் பக்கத்தில் அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பகலில் லாவணிப் போட்டி வைப்பார்கள். இரண்டு தோட்டம் மோதும். சிவன் கண்ணைத் திறந்ததும் காமன் எரிந்து சாம்பலானான் என்று ஒரு கட்சி பாட வேண்டும். எரியவில்லை, உருவம்தான் போனது, ஆள் இருக்கிறான் என்று மற்றக் கட்சி பாட வேண்டும். எந்தக் கட்சி என்பதைத் திருவுளச்சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒன்று, பொட்டலில் பாடியது பொட்டலோடு போயிற்று. அங்கே எவன் எவனை எப்படிக் கிண்டல் செய்தாலும் வெளியே வந்து கேட்கக்கூடாது. இன்னொன்று, முன்பாட்டுக்காரன் ஓர் அடி பாடினால் அவன் கட்சி முழுவதும் பின்பாட்டு எடுக்க வேண்டும். பின்பாட்டு விழவில்லை என்றால், பாட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கட்சி தோற்றது. பாடினவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

எங்கள் முன்பாட்டுக்காரன் அழகமுத்து. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஒல்லியாக இருப்பான், குரல் மட்டும் மலைக்கு மலை கேட்கும். அவன் பெஞ்சாதி பேச்சாயி கொழுந்து எடுப்பவள். அவன் வீட்டில் பாட்டுக் கட்டினால் முதலில் பின்பாட்டு எடுப்பது அவள்தான். அடுப்பை ஊதிக்கொண்டே எடுப்பாள்.

நான் சொல்ல வந்தது நடந்த வருஷம் எங்களுக்கு ஓட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்போது ஓட்டுப் போடுவது என்றால் ஆளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். கங்காணிமாருக்கெல்லாம் மேலே இருந்த பெரிய கங்காணி பெரிய தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பெரட்டுக்குப் போகிற மாதிரியே நாங்கள் வரிசையாகப் பின்னால் போனோம். பச்சைப் பெட்டி என்று அவர் சொல்லியிருந்தார். பச்சைப் பெட்டியில் போட்டோம். அந்தப் பெட்டிக்காரர் யார் என்று எங்களில் பலருக்குத் தெரியாது. அப்புறம் சட்டசபையில் தோட்டத்து ஆட்களுக்கு எதற்கு ஓட்டு என்று பேசுகிறார்கள் என்று கடைவீதியில் பேப்பர் படிக்கிறவர்கள் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம்.

போட்டியன்று பொட்டலில் ஊசி விழ இடமில்லை. எங்கள் தோட்டமும் எதிர்த்தோட்டமும் மட்டுமில்லை, கடைவீதி முதலாளிகளும் கீழே கிராமத்துச் சிங்கள ஆட்களும் வந்திருந்தார்கள். பெரிய கங்காணி முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார். கண்டாக்கையாதான் நடுவர். அவருக்கு லாவணி என்றால் உயிர். எங்களுக்கு எரியாத கட்சி விழுந்தது.

எதிர்த்தோட்டத்துக்காரன் டேப்பு என்கிற தோல் மேளத்தைத் தட்டிக்கொண்டு வந்து, காமன் எரியவில்லை என்றால் அவனைக் கண்ணுக்கு முன்னால் காட்டு, கண்ணுக்குத் தெரியாதது இல்லாததுதான் என்று பாடி மடக்கினான். அவன் ஆட்கள் விசிலடித்தார்கள். "என்னடா அழகமுத்து, காமன ஒளிச்சு வச்சிருக்கியா, கூடைக்குள்ள தேடு" என்று ஒருத்தி கத்தினாள். அழகமுத்து துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"கண்ணால பாக்காத காமன் இல்லேன்னு சொல்லுற அண்ணே,
கையால போட்டோமே ஓட்டு, அது எங்கே காட்டு முன்னே.
பச்சப் பெட்டி பக்கமா நம்ம கையத் திருப்புனதாரு,
பெரிய தலப்பா போன வழியே போனதடா நம்ம பேரு!"

அவன் கையைத் தூக்கினான்.

"எரியலடா எரியல, நம்ம பேரு இன்னும் எரியல!"

அப்போது விழுந்தது பாருங்கள் பின்பாட்டு! அப்படி ஒன்றை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எங்கள் தோட்டம் முழுக்க எடுத்தது. எதிர்த்தோட்டத்துக்காரர்களும் எடுத்தார்கள். எங்களை மடக்கியவனே டேப்பைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினான். கிராமத்திலிருந்து மரக்கறி கொண்டு வரும் பண்டா மாத்தயா என்னிடம் அர்த்தம் கேட்டார். சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எங்க ஊர்லயும் ஒரு தலப்பா இருக்கு தானே" என்றார். கண்டாக்கையா எழுந்து தன் சால்வையை எடுத்து அழகமுத்து தோளில் போட்டார். பெரிய கங்காணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து அந்தப் பாட்டு தோட்டத்தில் தேயிலைச் செடி மாதிரி எங்கும் நின்றது. கொழுந்து எடுக்கிற பெண்கள் பாடினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பாடினார்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. கடைவீதியில் துணிக்கடைச் செட்டியார், "ஓட்டே இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. இந்த நேரத்துல இப்படிப் பாடினா, பாரு, இவங்களுக்கு ஓட்டுப் போடத் தெரியலன்னு அவங்க சொல்ல மாட்டாங்களா?" என்றார். சாயபு கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள், "உள்ளதத்தானே பாடினான்" என்றார்கள். வாக்குவாதம் முற்றி, சாயபு இரண்டு பக்கத்தையும் எழுப்பி வெளியே அனுப்பினார்.

பெரிய கங்காணி துரையிடம் போனார். தன் தலைப்பாகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்களைத் தூண்டிவிட்டுக் கலகம் செய்யப் பார்க்கிறான் என்று சொன்னாராம். துரை பெரட்டுக்கு வந்து விசாரிப்பார் என்று செய்தி வந்தது. கலகக்காரன் என்று ஆனால் வேலையிலிருந்து நிறுத்துகிற பத்துச்சீட்டுத்தான். காம்பராவைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். அப்படி வெளியேற்றப்பட்டவனை வேறு தோட்டமும் எடுக்காது. அழகமுத்து பிறந்ததே எங்கள் லயத்தில்தான். இந்தியாவில் அவன் அப்பன் ஊருக்குப் போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் கோயில் முன்னால் கூடினோம். கோயில் தலைவர்தான் யோசனை சொன்னார்.

"பொட்டல்ல பாடினது பொட்டலோட போச்சு. அதுதானே நம்ம கட்டுப்பாடு? தொரை கேட்டா ஒருத்தரும் கேட்டதா சொல்லாதீங்க. பாட்டே இல்லேன்னா பாடுனவன என்ன பண்ணுவாரு?"

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும்தான். குடையை விரிக்கிற மாதிரி ஊரே சேர்ந்து விரிப்போம் என்று நினைத்தேன். அழகமுத்து ஓரமாக உட்கார்ந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் அன்னைக்கு என்னத்தப் பாடினேன் தலைவரே?" என்றான்.

"நீ எங்கடா பாடின? கொட்டாவி விட்ட!"

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்த மாதிரித்தான் இருந்தது.

துரை குதிரையில் வந்தார். களத்து நடுவில் இறங்கி நின்று, முதலில் கண்டாக்கையாவிடம் இங்கிலீசில் கேட்டார். எனக்கு இங்கிலீசு அரைகுறைதான். பரிசு விஷயத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததால் வார்த்தைகள் காதில் விழவில்லை என்று கண்டாக்கையா சொன்னது புரிந்தது. சொல்லும்போது குடைக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்டாக்கு கேக்கலே. சரி. நீ பேர் கூப்பிடு. ஒவ்வொரு ஆள் சொல்லட்டும், பாட்டு கேட்டான், கேக்கலே."

நான் கூப்பிட்டேன். காத்தாயி. "கேக்கலைங்க." முனியாண்டி. "கேக்கலைங்க." எதிர்த்தோட்டம் வரை கேட்கும்படி பின்பாட்டு எடுத்தவர்கள் எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டு "கேக்கலைங்க, கேக்கலைங்க" என்றார்கள். முதலில் எனக்குக்கூட உள்ளுக்குள் குஷியாகத்தான் இருந்தது. துரை ஏமாறுகிறார் என்று நினைத்தேன். கூப்பிடக் கூப்பிட அந்தக் குஷி வற்றிப்போயிற்று. நான் நிமிர்ந்து பார்த்தபோது அழகமுத்து துரையைப் பார்க்கவில்லை. பேர் சொல்லப்படுகிற ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சாயி பேர் வந்தது. கூப்பிடத் தயங்கினேன். கூப்பிட்டேன்.

அவள் கூடைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்தாள்.

"கேக்கலைங்க" என்றாள். சத்தமே வரவில்லை, உதடு அசைந்தது தெரிந்தது.

அழகமுத்து வரிசையை விட்டு முன்னால் வந்தான்.

"தொரைங்களே, நான்தான் பாடினேன்."

"நீ பாடினான்? ஒரு ஆள் கேக்கலே. யாருக்கு பாடினான்?"

"தேயிலைக்குப் பாடினேங்க."

களமே சிரித்தது. கங்காணிமார் சிரித்தார்கள், பெண்கள் சிரித்தார்கள், நான் சிரித்தேன். பயம் கொஞ்சம் விட்டதால் வந்த சிரிப்பு அது. அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

துரையும் சிரித்தார். "சரி. இப்ப பாடு. நான் கேக்குறேன்."

டேப்பு இல்லை. அழகமுத்து கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்தான். துண்டைத் தலையில் இறுக்கினான். அந்த நாலு அடியையும் ஒரு எழுத்து விடாமல், பெரிய கங்காணியின் முகத்துக்கு நேரே நின்று பாடினான். குரல் பொட்டலில் இருந்த மாதிரியே இருந்தது. பிறகு கையைத் தூக்கினான்.

"எரியலடா எரியல, நம்ம பேரு இன்னும் எரியல."

தூக்கிய கையோடு எங்கள் பக்கம் திரும்பி நின்றான்.

பிள்ளைகளே, அன்றைக்கு ஒருத்தர் வாய் திறந்திருந்தாலும் போதும். ஒரு குரல் எடுத்திருந்தால் இன்னொன்று எடுத்திருக்கும். அத்தனை பேருக்கும் எப்படிப் பத்துச்சீட்டு கொடுக்க முடியும்? கொழுந்து முற்றி நின்ற காலம் அது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றோம். எங்கோ லயத்தில் கோழி ஒன்று கொக்கரித்தது. ஒரு பெண் இருமலை அடக்கினாள். பேச்சாயி முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

அழகமுத்து கையை இறக்கினான். தலைத்துண்டை அவிழ்த்தான். நாலாக மடித்துக் களத்தில் கீழே வைத்தான்.

"தோத்துட்டேங்க" என்றான். துரையிடம் அல்ல. எங்களிடம்.

துரைக்கு அது விளங்கவில்லை. அவர் கண்டாக்கையாவிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறினார். பத்துச்சீட்டு அன்று பகலே எழுதியாயிற்று. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி கண்டாக்கையா என்னிடம் தந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"நான் எப்பவும் விரிக்கிற குடையைத்தான் விரிச்சனான் காணும். உள்ளுக்கு நிண்ட ஆள் நனைவான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அவர் கெட்டவர் இல்லை. அதற்குப் பிறகும் பிந்தி வந்த பெண்களுக்காக அவர் வானத்தைப் பார்த்தார், குடையை விரித்தார். நான்தான் அந்தக் குடையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அழகமுத்துவும் பேச்சாயியும் புறப்பட்ட அன்று வேலை முடிந்ததும் தோட்டமே றொசல்ல ஸ்டேஷனுக்கு இறங்கியது. ஒருத்தர் அம்மியைத் தூக்கினார். ஒருத்தர் பானை சட்டி. கோழியைக் காலைக் கட்டி நான் பிடித்துக்கொண்டேன். இதிலெல்லாம் எங்களுக்குள் போட்டி, யார் என்னத்தைத் தூக்குவது என்று. என் பெஞ்சாதி, உங்கள் அம்மா, போத்தலில் கொண்டு போன தேத்தண்ணியைப் பேச்சாயியிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அழகமுத்துதான் எடுத்துக் குடித்தான்.

"என்னா கணக்கப்புள்ள, கோழிய அப்படி இறுக்கிப் புடிக்கிறீங்க? அதாச்சும் பாட்டக் கேட்டுச்சான்னு விசாரிச்சீங்களா?" என்றான்.

தலைவர், "மனசுல வச்சுக்காத அழகமுத்து. உன்னக் காப்பாத்தத்தான் அப்படிச் செஞ்சோம்" என்றார்.

"தெரியும் தலைவரே" என்றான்.

கோச்சி வண்டி வந்தது. சாமானை ஏற்றினோம். பேச்சாயி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் ஜன்னலில் கையை வைத்திருந்தான், அசைக்கவில்லை. கோச்சி ஊதிக்கொண்டு நகர்ந்து, மலை வளைவில் திரும்பி, கடைசிப் பெட்டியும் மறைந்து, சத்தமும் அடங்கிப் புகை மட்டும் நின்றது.

அப்போது யாரோ தொடங்கினார்கள். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"எரியலடா எரியல..."

எல்லோரும் எடுத்தோம். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். பொட்டலில் எடுத்ததைவிட நன்றாக எடுத்தோம். சிலர் அழுதார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். மனது லேசானது மாதிரி இருந்தது. அழகமுத்துவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது. கைகாட்டி இறக்குகிற சிங்களக் கிழவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தண்டவாளத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்:

"கோச்சி போயிட்டுது தானே. இப்ப யாருக்குப் பாடுறது?"

நாங்கள் நிறுத்தவில்லை. அவர் கேட்டது எங்கள் காதில் விழக்கூடாது என்று இன்னும் உரக்கப் பாடினோம்.